மல்லிகைக்குப் பசி, ஆர்க்கிட்டுக்குச் சேதி வரவில்லை

கோலாலம்பூரில் எங்கள் அடுக்குமாடியின் 11-ஆம் மாடி நடைபாதையில் சென்ற ஆண்டு மூன்று தொட்டிகள் வரிசையாக நின்றன. முதலாவது எதிர்வீட்டு அக்காவின் மல்லிகை. கொடி நீண்டு, இலை கரும்பச்சையாகப் பளபளத்தது. இரண்டு ஆண்டுகளில் அது கொடுத்தது எண்ணி நான்கு பூ. இரண்டாவதும் அவருடையதுதான்: சீனப் புத்தாண்டுக்கு யாரோ பரிசளித்த வெள்ளை ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட். பட்டாம்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்த மாதிரி இருக்கும், பேரங்காடி வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டி விற்பார்களே, அது. வந்த புதிதில் மூன்று மாதம் பூத்து நின்றது. பிறகு வெறும் இலை. மூன்றாவது என்னுடைய செவ்வந்தி. அதையும் புத்தாண்டுச் சந்தையில்தான் வாங்கினேன். பூ முடிந்ததும் நறுக்கிவிட்டேன். மறுபடி இடுப்பளவு வளர்ந்தது. ஒரு மொட்டுகூட இல்லை.

பார்த்தவர்கள் எல்லாரும் மூன்றுக்கும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: வெயில் போதவில்லை. அக்கா ஒரு படி மேலே போய், "எனக்குக் கைராசி இல்லை தம்பி" என்று முடித்துவிட்டார்.

மல்லிகையைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு சரி. ஆர்க்கிட்டுக்கு அது பொருந்தாது. செவ்வந்தியின் கதையோ தலைகீழ்: வெளிச்சம் கூடிப்போனதால்தான் அது பூக்கவில்லை. ஒரே நடைபாதை, ஒரே கூரை. ஒரு செடிக்கு அங்கே இருட்டு, இன்னொன்றுக்கு அதே இடம் பகல்போல் வெளிச்சம். இது எப்படி என்று புரிந்துகொண்டால் செடி பூப்பதில் பாதி விளங்கிவிடும்.

வெளிச்சம் செடிக்கு இரண்டு வகையில் பயன்படுகிறது. ஒன்று, சோறு. மற்றொன்று, சேதி. வெப்பமும் அப்படித்தான் இரட்டை வேலை செய்கிறது: உடம்புக்குள் நடக்கும் வேலைகளின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது, சமயத்தில் சேதியும் கொண்டுவருகிறது. இந்த நான்கையும் "வெயில்" என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுவதால்தான் இத்தனைக் குழப்பம்.

## முதலில் சோறு

காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் இழுத்துத் தரும் தண்ணீரையும் சேர்த்து, வெளிச்சத்தின் ஆற்றலால் இலை சர்க்கரை ஆக்குகிறது. இதுதான் ஒளிச்சேர்க்கை. செடியின் சம்பாத்தியம் இது ஒன்றுதான். உரத்தைச் "செடிக்குச் சாப்பாடு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். உரம் உப்பும் புளியும் மாதிரி. அரிசி வெளிச்சத்திலிருந்துதான் வரவேண்டும்.

சம்பாத்தியம் இருந்தால் செலவும் இருக்கும். உயிரோடிருக்க, இலையைப் பழுதுபார்க்க, வேரை நீட்ட, செடி அந்தச் சர்க்கரையை இரவும் பகலும் எரித்துக்கொண்டே இருக்கிறது. அதற்குச் சுவாசித்தல் என்று பெயர். வரவும் செலவும் சரிக்குச் சரி நிற்கும் வெளிச்ச அளவை ஈடுசெய் புள்ளி என்பார்கள். அதற்குக் கீழே போனால் செடி சேமிப்பைத் தின்று மெலியும். சற்று மேலே இருந்தால் உயிர் வாழும், இலை விடும். பூப்பது என்பது கல்யாணச் செலவு. அன்றாடச் செலவு போகக் கணிசமாக மிஞ்சினால்தான் அந்தப் பேச்சே எழும்.

"நடைபாதையில் நல்ல வெளிச்சம் இருக்கிறதே!" என்பார் அக்கா. நம் கண் பெரிய ஏமாற்றுக்காரன். இருட்டில் பாவையை விரித்தும் வெயிலில் சுருக்கியும் எல்லாவற்றையும் சமாளித்துக் காட்டிவிடும். கைப்பேசியில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, ஒரு நண்பகலில் அளந்து பார்த்தேன். ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். மல்லிகைத் தொட்டியருகே சுமார் 1,200 லக்ஸ். கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டைமாடியில் 90,000-ஐத் தாண்டியது. கைப்பேசிக் கணக்கு துல்லியமானதல்ல. ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். என் கண்ணுக்கு "கொஞ்சம் நிழல்" என்று பட்ட இடத்தில், செடிக்குக் கிடைத்தது எழுபத்தைந்தில் ஒரு பங்கு கூலி.

மணிபிளாண்ட் போன்ற காட்டு நிழலில் பிறந்த கொடிகளுக்கு அந்தக் கூலி போதும். அவற்றின் செலவும் சிக்கனம். மல்லிகை வெயிலுக்கென்றே பிறந்தது. புதிதாகக் கிளைக்கும் துளிர்களின் நுனியில்தான் அது மொட்டு வைக்கும். சர்க்கரை மிஞ்சினால்தான் துளிர். துளிர் இருந்தால்தான் மொட்டு. அக்காவின் கொடி நீண்டதும் செழிப்பினால் அல்ல, வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டிய நீளம் அது.

இதுவரை பார்த்ததன் சாரம் சின்னது. வெளிச்சம் சோறாக வரும்போது கணக்கு, எவ்வளவு கிடைத்தது என்பதுதான். கூடக் கிடைத்தால் கூடப் பூக்கும், செடி தாங்கும் எல்லைவரை. அடுத்ததில் இந்தக் கணக்கு செல்லாது.

## இரவை எண்ணும் இலை

நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க வேளாண் துறையில் கார்னர், அல்லார்ட் என்று இரண்டு ஆய்வாளர்கள் இருந்தார்கள். அவர்களிடம் மேரிலாண்ட் மாமத் என்றொரு புகையிலை ரகம். மற்ற புகையிலை எல்லாம் கோடையில் பூத்துவிடும். இது மட்டும் பூக்காமல் ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்துகொண்டே போகும். குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலுக்குள் வைத்தால், சின்னச் செடியாக இருக்கும்போதே பூக்கும். வெப்பமா, உரமா, ஈரமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சலித்தார்கள். கடைசியில் கோடை நடுவில், சூரியன் சுள்ளென்று அடிக்கும்போதே, செடிகளைத் தினமும் மாலை 4 மணிக்கு இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். பூத்துவிட்டது! 1920-இல் அதை வெளியிட்டார்கள். பகலின் நீளத்தைப் பார்த்துச் செடி பூக்கும் இந்தக் குணத்துக்கு ஒளிக்காலத்துவம் என்று பெயர் வைக்கப்பட்டது.

பகல் குறுகும்போது பூப்பவை குறும்பகல் தாவரங்கள். நீளும்போது பூப்பவை நீள்பகல் தாவரங்கள். இதைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாதவை நடுநிலைத் தாவரங்கள். செவ்வந்தியும் கிறிஸ்துமஸுக்கு விற்கும் சிவப்பு பாயின்செட்டியாவும் முதல் வகை. ஸ்பினாச் என்ற கீரை இரண்டாம் வகை. தக்காளியும் பெரும்பாலான ரோஜாவும் மூன்றாவது.

பெயரில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது, இன்றுவரை யாரும் திருத்தவில்லை. 1938-இல் ஹாம்னர், பானர் என்ற இருவர் மருளூமத்தை என்ற களைச்செடியை வைத்துச் சோதித்தார்கள். நீண்ட இரவின் நடுவில் சில நிமிட வெளிச்சம் காட்டினாலே அது பூக்க மறுத்தது. பகலின் நடுவில் சிறிது நேரம் இருட்டுக் காட்டினால் எதுவும் ஆகவில்லை. ஆக, செடி எண்ணுவது பகலை அல்ல, இடையில் அறுபடாத இரவை. "நீளிரவுத் தாவரம்" என்று பெயர் வைத்திருந்தால் நம்மைப் போன்றவர்களுக்குப் பாதிக் குழப்பம் மிச்சமாகியிருக்கும்.

எண்ணுவது எப்படி? இலைக்குள் ஃபைட்டோகுரோம் என்றொரு நிறமிப் புரதம் இருக்கிறது. கதவின் தாழ்ப்பாள் போல அதற்கு இரண்டு நிலைகள். பகல் வெளிச்சத்திலுள்ள சிவப்பு ஒளி பட்டதும் ஒரு நிலைக்குத் தாவும். இருட்டில் மெல்ல மெல்ல மற்ற நிலைக்குத் திரும்பும். செடியின் செல்களுக்குள் ஓடும் உயிர்க்கடிகாரம் ஒன்று, ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றுடையது, "இந்த நேரத்தில் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று பார்த்துக்கொள்கிறது. நள்ளிரவில் ஒரு விளக்கு எரிந்தால் தாழ்ப்பாள் பகல் பக்கம் தாவிவிடும், கடிகாரம் ஏமாந்துபோகும்.

பார்ப்பது இலை, பூப்பதோ நுனி. இடையில் யார் சேதி சொல்வது? சோவியத் ஆய்வாளர் சைலாக்கியான் 1930-களில் செவ்வந்தியை வைத்தே இதைக் காட்டினார். நுனியின் இலைகளைக் களைந்துவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவைக் கொடுத்தார், நுனி பூத்தது. இலையிலிருந்து ஏதோ ஒன்று பயணம் செய்கிறது என்று ஊகித்து அதற்கு ஃபுளோரிஜென் என்று பெயரிட்டார். அந்த "ஏதோ ஒன்று" ஒரு சிறிய புரதம் என்பது தெளிவாகத் தெரியவர 2007 ஆனது. எழுபது ஆண்டுகள் பெயர் மட்டும் இருந்தது, ஆளைக் காணோம்.

இப்போது குளிருக்குப் பேர்போன நம் கேமரன் மலைக்கு வாருங்கள். இரவில் ஏறியவர்கள் பார்த்திருப்பார்கள்: சரிவுகளில் பிளாஸ்டிக் கூடாரங்கள் உள்ளிருந்து மஞ்சளாக ஒளிரும். சிறுவயதில் முதன்முதலாகப் பார்த்தபோது ஊரெல்லாம் கல்யாணம் என்று நினைத்தேன். அவை செவ்வந்திப் பண்ணைகள். அந்த விளக்குகள் செடி பூப்பதற்காக என்று பலரும் நினைக்கிறார்கள். பூத்துவிடாமல் தடுப்பதற்கே அவை. நம் நாட்டில் இரவு எப்போதும் ஏறத்தாழ 12 மணி நேரம். செவ்வந்திக்கு அது "பூக்கலாம்" என்ற சேதி. பதியன் நட்ட கையோடு சாண் உயரத்தில் மொட்டு வைத்துவிட்டால், அந்தக் குட்டைக் காம்பை யார் வாங்குவார்கள்? ஆகவே சில வாரங்களுக்கு நள்ளிரவை ஒட்டிச் சில மணி நேரம் விளக்கேற்றி இரவை இரண்டு துண்டாக்குகிறார்கள். காம்பு வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை அணைக்கிறார்கள். கூடாரம் முழுவதும் ஒன்றாக மொட்டு வைக்கும். நாள் குறித்துப் பூ பறிக்கலாம்.

என் செவ்வந்திக்கு நேர்ந்தது இதேதான். அதன் தலைக்கு நேர் மேலே நடைபாதை விளக்கு, விடிய விடிய எரிவது. சோறு போட அந்த விளக்கு போதாது. பல நூறு மணி நேரம் எரிந்தாலும் மல்லிகைக்கு ஒரு மொட்டுக்கான சர்க்கரை தேறாது. ஆனால் சேதிக்கு அது தாராளம். வாசலில் கூப்பிடும் குரல் காதில் விழ, குரல் வயிற்றை நிரப்ப வேண்டியதில்லையே!

சாரம்: வெளிச்சம் சேதியாக வரும்போது, எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் கேள்வி. மங்கலான விளக்கும் நேரம் தவறி எரிந்தால் போதும், பூப்பைத் தள்ளிப்போடும்.

## நம்மூர் நாட்காட்டி

லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 9 மணி நேரம். சென்னையில் ஒன்றரை மணி நேரம். பினாங்கில் 40 நிமிடம்கூட இல்லை. கோலாலம்பூரில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தமிழ்நாட்டுத் தோட்டக் குறிப்புகளைப் பார்த்துக் கார்த்திகையில் மல்லிகையைக் கவாத்து செய்து, பங்குனிக்காகக் காத்திருப்பவர்கள் இங்கே உண்டு. அங்கே மார்கழிப் பனியில் ஒடுங்கும் மல்லிகை, வெப்பமும் வெயிலும் ஏறும் பங்குனி, சித்திரையில் கொட்டும். இங்கே மார்கழியும் சித்திரையும் மல்லிகைக்கு ஏறத்தாழ ஒன்றுதான். எந்த மாதமும் கவாத்து செய்யலாம். வெயில் மட்டும் கிடைக்கவேண்டும்.

அப்படியென்றால் நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் செடிகளுக்கு நாட்காட்டியே இல்லையா? இருக்கிறது, நம்பமுடியாத நுணுக்கத்தோடு. மலாக்காவில் பயிரிட்ட சியாம் 29 என்ற நெல்லைப் பற்றி 1959-இல் ஓர் ஆய்வுக்குறிப்பு வந்தது. அதை ஜனவரியில் விதைத்தால் பூக்க 329 நாள். செப்டம்பரில் விதைத்தால் 161 நாள். மலாக்காவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வெறும் 14 நிமிடம்தான் வித்தியாசம். தேநீர் ஆறும் நேரம். அதை வைத்து அந்த நெல் ஆண்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறது.

ரப்பர் மரத்துக்கு வேறு கணக்கு இருக்கலாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் இலை கொட்டும், புதுத்தளிர் வரும், மார்ச் வாக்கில் பொடிப் பொடியான மஞ்சள் பூ. ஐந்து மாதம் போனால் காய் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். அந்த விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் சூடு வைக்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா? செப்டம்பர் வாக்கில் இன்னொரு முறை, குறைவாக, பூக்கும். ஏன் ஆண்டுக்கு இரண்டு? மலேசிய ரப்பர் வாரியத்தின் ஆய்வாளர் இயாங் 2007-இல் ஒரு விளக்கம் முன்வைத்தார். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வருகிறது. பகலின் நீளம் மாறாவிட்டாலும் வெயிலின் உக்கிரம் அந்த இரண்டு சமயத்தில்தான் உச்சம் தொடுகிறது. மரம் அதைக் கண்டு பூக்கிறது என்றார். சோறும் சேதியும் தனித்தனி என்று இவ்வளவு நேரம் சொன்னேன். இங்கே சோறே சேதியாகவும் வருகிறது போலும். இயற்கை நம் வகுப்புக் குறிப்புக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை.

## தோசை மாவும் ரோஜாவும்

இனி வெப்பம். அதன் முதல் வேலையைத் தோசை மாவு சொல்லித்தரும். கோலாலம்பூரில் இரவு பத்து மணிக்குக் கரைத்து வைத்தால் விடியும்முன் பொங்கி வழிந்திருக்கும். ஒரு மணி நேரம் அயர்ந்தால் புளிப்பு. அதே மாவைக் கேமரன் மலையில் கரைத்தால் மறுநாள் மதியம்வரை முகம் மாறாது. மாவுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களின் வேலை வெப்பத்தில் வேகம் பிடிக்கிறது. செடியின் செல்களுக்குள்ளும் அதே கதை: எல்லா வேலைகளையும் நொதிகள் என்ற புரதங்கள் செய்கின்றன; சூடு ஏற ஏற அவை சுறுசுறுப்பாகும், ஓர் எல்லைக்கு மேல் உருக்குலையும்.

இதில் ஒரு சிக்கல். சுவாசித்தல் என்ற செலவு, வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரு மடங்காகிறது. கோலாலம்பூரில் பிற்பகல் 33 டிகிரி, இரவும் பெரும்பாலும் 24, 25-க்குக் கீழே போவதில்லை. இரவில் சம்பாத்தியம் கிடையாது. செலவு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் கேமரன் மலையில் வெப்பம் 9 டிகிரிபோலக் குறைவு. இரவுச் செலவு பாதியளவு குறைந்துவிடும். மிச்சமாகும் சர்க்கரை பூவுக்குப் போகிறது.

அங்கே உள்ளங்கை நிறையப் பூக்கும் ரோஜாவைத் தொட்டியோடு வாங்கி வந்து, கீழே அது ஒரு நாணயத்தளவு பூப்பதைக் கண்டு "ஏமாற்றிவிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். பாவம், அவர் மேல் தவறில்லை. சூட்டில் மொட்டு அவசரமாகப் பழுக்கிறது. இதழ் பெருக்க நேரமும் இல்லை, சர்க்கரையும் இல்லை. தக்காளியிலும் இதைப் பார்க்கலாம். பூ வரும், பூத்த கையோடு உதிரும். இரவும் சூடாக இருந்தால் அதன் மகரந்தம் கெட்டுவிடுகிறது. தாழ்நிலத்துக்கென்றே தேர்ந்தெடுத்த ரகமானால் தப்பிக்கும்.

இங்கே நினைவில் வைக்கவேண்டியது: வெப்பம் வரவைவிடச் செலவை வேகமாக ஏற்றுகிறது. நம் தாழ்நிலத்தில் பூவின் அளவைக் குறைப்பது பெரும்பாலும் பகல் வெயில் அல்ல, ஆறாத இரவு.

## ஒன்பதாம் நாள்

வெப்பத்தின் இரண்டாவது வேலையை நான் பினாங்கில் பள்ளிக்குப் போகும் வயதிலேயே பார்த்தேன், என்னவென்று தெரியாமல். சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளில் புல் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. திடீரென ஒரு காலை, தெரு முழுக்க எல்லா மரங்களிலும் ஒரே நேரத்தில், வெள்ளைப் புறாக்கள் சிறகு விரித்தது போலப் பூக்கள். மெல்லிய இனிப்பு வாசனை. பள்ளி விட்டு வரும்போதே வாடத் தொடங்கியிருக்கும். மறுநாள் ஒன்றும் இல்லை. மலாய்க்காரர்கள் அங்கெரிக் மெர்பாத்தி என்பார்கள், புறா ஆர்க்கிட்.

அதன் மொட்டு ஓரளவு வளர்ந்து, அப்படியே உறங்கிக் காத்திருக்கும். கொளுத்தும் பிற்பகலில் பெருமழை கொட்டி வெப்பம் சட்டென்று 5, 6 டிகிரி இறங்கினால் அதுதான் சேதி. அன்றிலிருந்து ஒன்பதாம் நாள், அந்த மழை நனைத்த வட்டாரத்தின் செடிகள் எல்லாம் ஒன்றாக மலரும். ஒரு நாளே வாழும் பூவுக்கு இது வாழ்வா சாவா என்ற ஏற்பாடு. பக்கத்துச் செடியும் அதே நாளில் பூத்தால்தானே தேனீ மகரந்தத்தைக் கொண்டுசேர்க்க முடியும்?

நம் மழைக்காட்டு மரங்களிலும் இப்படி ஒன்று உண்டு. மெரந்தி குடும்பத்து மரங்கள் பல ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, ஒரே ஆண்டில் காடு முழுவதும் சேர்ந்து பூக்கும். இரவு வெப்பம் சில நாள்கள் தொடர்ந்து 2 டிகிரிபோலக் குறைவதே தூண்டுகோல் என்று 1988-இல் ஒரு கருத்து வந்தது. வறட்சிக்கும் பங்கு உண்டு என்று பிறகு வந்த ஆய்வுகள் சேர்த்துச் சொல்கின்றன. நாம் போர்வையைக்கூடத் தேடமாட்டோம் அந்த 2 டிகிரிக்கு.

அக்காவின் ஃபலனாப்சிஸ் காத்திருந்ததும் குளிர்ச் சேதிக்குத்தான். 28 டிகிரிக்கு மேல் அது இலை விட்டுக்கொண்டே இருக்கும். பூந்தண்டு வர, பல வாரம் அதைவிடக் குளிர்ந்த சூழல் வேண்டும். கடைக்கு வரும் செடிகள் குளிர் இடத்தில் பூந்தண்டு விட்ட பிறகு வருபவை. நம் நடைபாதையில் அந்தச் சேதி வருவதே இல்லை. உரம், வெயில், மந்திரம் எதுவும் உதவாது.

இதைவிடக் கடுமையான செடிகளும் உண்டு. குளிர்காலக் கோதுமையும் முட்டைக்கோஸும் பல வாரம் 10 டிகிரியை ஒட்டியோ அதற்கும் கீழோ கிடந்து எழுந்தால்தான் பூக்கும். இதற்குத் தட்பப்பதனம் என்று பெயர். பனிக்காலம் கடந்துபோயிற்று என்று உறுதி செய்துகொள்ளாமல் பூத்தால் அந்த நாடுகளில் பூ கருகிவிடும், அதனால் இந்த எச்சரிக்கை. நமக்கு இது எதிர்மறையாகப் பயன்படும்: விதைப் பொட்டலத்தில் அழகான படம் இருந்தாலும், குளிர் கேட்கும் செடியைக் கோலாலம்பூரில் வாங்காதீர்கள். படம் பார்த்து நான் செலவழித்த வெள்ளிக்கு நல்லதாக நாலு மல்லிகைத் தொட்டி வாங்கியிருக்கலாம்.

## மொட்டு வேறு, மலர்ச்சி வேறு

இடையில் ஒரு சின்ன விலகல், பலரும் கேட்பதால். அந்திமந்தாரை மாலையில் விரிகிறது, பத்துமணிப்பூ வெயில் ஏறியதும் விரிகிறது, பக்காவலி என்று இங்கே அழைக்கும் பிரம்மகமலம் நள்ளிரவில் விரிகிறது, இவையும் ஒளிக்காலத்துவமா? இல்லை. அவை தயாரான மொட்டு எந்த மணிக்குக் கதவு திறக்கிறது என்பதைப் பற்றியவை. நாம் பேசுவது மொட்டு உண்டாவதா, இல்லையா என்பதை. கடை திறக்கும் நேரம் ஒன்று, கடை வைக்கலாமா என்ற முடிவு வேறொன்று.

## மூன்று தொட்டிகளும் பிறகு

மல்லிகையை நடைபாதையின் கிழக்கு முனைக்கு மாற்றினோம். அங்கே காலை 8 முதல் நண்பகல்வரை நேர் வெயில் விழும். முதல் வாரம் இலை கொஞ்சம் மஞ்சளித்தது; அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கொடியைப் பாதிக்கு நறுக்கச் சொன்னபோது கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார், பார்க்க மனசில்லாமல். ஏழாவது வாரம் ஒரு சாயங்காலம் கதவைத் தட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். இருபத்தாறு மொட்டு. மறுநாள் வெள்ளிக்கிழமை, முருகன் படத்துக்கு ஒரு முழம், தலைக்கு மிச்சம்.

செவ்வந்தியை விளக்கிலிருந்து அகற்றித் துணி காயப்போடும் பின்பக்கத்து மாடத்தில் வைத்தேன். பகலில் வெயில் உண்டு. மாலை ஏழரைக்கு மேல் நல்ல இருட்டு. அங்கே எரியும் ஒரு குண்டு பல்பைப் போடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டேன். இருட்டில் துணி எடுக்க வந்த தங்கை இரண்டு முறை தொட்டியில் இடித்துக்கொண்டு என்னைத் திட்டினாள். ஆறாவது வாரம் நுனியில் பச்சைப் பொத்தான்கள். கேமரன் பூவின் பாதி அளவுதான் பூத்தது. இரவுச் சூட்டை நான் என்ன செய்யமுடியும்?

ஆர்க்கிட் அக்காவின் மகளோடு வேலைக்குப் போய்விட்டது. அவள் பணிபுரியும் மருந்தகத்தில் ஏர்கான் இரவு பகலாக 23 டிகிரியில் ஓடும். வாசல் கண்ணாடியோரம் இடம் கிடைத்தது. இரண்டாவது மாதம் இலையிடுக்கில் விரல் மாதிரி ஒன்று எட்டிப்பார்த்தது. வேரா, பூந்தண்டா என்று மூவரும் கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கி ஒரு மணி நேரம் வாதிட்டோம். பூந்தண்டுதான்.

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வானம் இருண்டு, கோலாலம்பூருக்கே உரிய அந்தப் பேய்மழை அடித்தது. கைப்பேசியில் 33 டிகிரி என்று காட்டியது அரை மணியில் 24-க்கு இறங்கியது. கீழே பஸ் நிறுத்தத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் புறா ஆர்க்கிட் நிறைய இருக்கிறது. அக்கா பத்து ஆண்டுகளாக அதன் அடியில் நின்றுதான் பஸ் ஏறுகிறார், பார்த்ததில்லை. ஒன்பதாம் நாள் வரும் வியாழக்கிழமை. காலை ஏழரைக்கு இறங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.